சண்டித்தனம் செய்யும் மாருதி 800: கார்ப்ரேட்டரை மாற்றுவதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அப்பா வாங்கிய 1998 மாடல், கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த மாருதி 800. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறீர்கள். காலையில் செல்ஃப் அடித்து அடித்து ஓய்ந்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது. அப்புறம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. வழியில் டீ குடிக்க நிறுத்தி, கால் மணி நேரத்தில் திரும்பி வந்தால் பற்றவே மாட்டேன் என்கிறது. இன்னும் அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரியும் பிளக்கும் மாற்றியாகிவிட்டது. ஒரு மெக்கானிக் கார்ப்ரேட்டரையே மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் பெட்ரோலை இழுத்துக் கொடுக்க எலக்ட்ரிக் பம்ப் போடச் சொல்கிறார். யார் சொல்வது சரி? நீங்கள் உண்மையில் கேட்பது, பணம் போடுவதற்கு முன் கோளாறு பெட்ரோலிலா கரண்டிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். எந்தப் பாகம் போய்விட்டது என்று வண்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அந்த இரண்டு மெக்கானிக்குகளும் வண்டி அடம்பிடித்த நேரத்தில் பக்கத்தில் இல்லையென்றால் அவர்கள் சொன்னதும் ஊகம்தான்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, கார்ப்ரேட்டர் வண்டிகள் மட்டுமே ஓடிய காலத்தில் பட்டறைக்கு வந்தவன். 800-க்கு எம்.பி.எஃப்.ஐ. (கார்ப்ரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்ததே 2000-ல்தான். அதற்கு முந்தைய 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் மிக எளிமையானது. பெட்ரோல், கரண்ட், காற்று மூன்றும் சரியான நேரத்தில் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: காலைப் பிரச்சினையையும் டீக்கடைப் பிரச்சினையையும் ஒரே கோளாறு என்று நினைக்காதீர்கள். ஆறிய இன்ஜின் பற்றாததற்கும் சூடான இன்ஜின் பற்றாததற்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு வேறு. சில சமயம் நேர் எதிர்கூட: ஒன்றில் பெட்ரோல் போதவில்லை, மற்றதில் பெட்ரோல் அதிகம்.

காலையை எடுத்துக்கொள்வோம். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இழுத்தால் பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். பேட்டரி புதிது என்பதால் மட்டும் செல்ஃப் மோட்டாருக்கு முழு கரண்ட் போகிறது என்று அர்த்தமில்லை. ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி ஓடாமல் கிடக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. இந்த வயது வண்டிகளில் கேபிளின் உள்ளே பச்சை பூத்துப் போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வோல்ட் இறங்கினால் இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதோடு நிற்காது, பிளக்குக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் கரண்டும் குறைந்து பிளக்கில் பொறி பலவீனமாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: செல்ஃப் அடிக்கும்வரை பற்றாமல், சாவியை விடும் அந்த நொடியில் பற்றிக்கொள்கிறதா? அப்படியானால் சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் வரவில்லை என்று சந்தேகப்படலாம். தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச்சில் இது நடக்கும். இதைக் கவனிக்காமல் கார்ப்ரேட்டரை மூன்று முறை கழுவி மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால், நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்பது. கார்ப்ரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணம் காற்றோட்டம் உள்ளது. அதில் நிற்கும் கொஞ்சம் பெட்ரோல் நம்மூர் வெயிலில் ஒரு வாரத்தில் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். அப்போது கிண்ணம் திரும்ப நிரம்பும்வரை பம்ப் இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பம்ப் இன்ஜின் சுற்றினால்தான் வேலை செய்யும். எனவே வாரக்கணக்கில் நின்ற வண்டி 10, 15 வினாடி செல்ஃப் கேட்பது கோளாறே அல்ல. இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஞாயிறு ஓட்டிவிட்டு, திங்கள் காலையிலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். திங்கள் சட்டென்று பற்றினால் உங்கள் காலைப் பிரச்சினைக்கு முக்கால் பதில் கிடைத்துவிட்டது. நடுவில் ஒரு நாள் எடுத்துச் சற்றுத் தூரம் ஓட்டினாலே போதும். திங்களும் அதே பாடு என்றால்தான் மேலே தேட வேண்டும்.

தேடும் இடம் இது. ஆறிய இன்ஜினில் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, செல்ஃப் அடிக்காமல், கார்ப்ரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் ஒரு முறை திருப்புங்கள். உள்ளே ஊசி போல பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. பீய்ச்சவில்லை என்றால் கிண்ணம் காலி, அல்லது மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. அப்படியே சோக்கையும் (ஆறிய இன்ஜின் பற்றுவதற்காகக் காற்றைக் குறைக்கும் அமைப்பு) இழுக்கச் சொல்லிப் பாருங்கள். மேல் தகடு முழுக்க மூட வேண்டும். சோக் கேபிள் நழுவிப் பாதி மட்டும் மூடும் வண்டிகள் ஏராளம். டேஷ்போர்டில் குமிழ் முழுக்க வெளியே வந்திருப்பதை நம்பிவிடாதீர்கள். கிண்ணம் காலியா என்று உறுதி செய்ய, ஊசி போடும் சிரிஞ்சில் 5 மில்லி பெட்ரோலைக் கார்ப்ரேட்டர் வாயில் விட்டு, பெட்ரோல் பாட்டிலை மூடித் தூர வைத்து, ஏர் ஃபில்டர் மூடியை மாட்டிவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். உடனே பற்றிச் சில வினாடி ஓடி நின்றால் கரண்ட் நன்றாக இருக்கிறது, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் ஊற்ற இன்னொருவர் செல்ஃப் அடிப்பதைப் பட்டறைகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். அதைச் செய்ய வேண்டாம். பேக்ஃபயர் ஆகி கார்ப்ரேட்டர் வாய் வழியாகத் தீ வெளியே வந்தால் கை, முகம் எல்லாம் போய்விடும்.

பெட்ரோல் வந்து சேரவில்லை என்றால் எல்லோரும் பம்ப்பைத்தான் குற்றம் சொல்வார்கள். அதற்கு முன் டேங்கிலிருந்து பம்ப் வரைக்குமான ரப்பர் ஹோஸைப் பாருங்கள். அந்தப் பக்கம் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது, அழுத்தித் தள்ளப்படுவதில்லை. அதனால் ஹோஸில் மயிரிழை விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாது; காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதை. இரவெல்லாம் நின்றால் லைனில் உள்ள பெட்ரோல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். ஹோஸும் கிளிப்பும் மாற்ற ஆகும் செலவு ஒன்றுமில்லை, இருபத்தைந்து வயது தாண்டிய வண்டியில் அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் பம்ப்பைச் சோதியுங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (கரண்டைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வரும் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் முனையில் கழற்றி எர்த்தில் கொடுத்துவிட்டு, கார்ப்ரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னால் துடித்துத் துடித்துப் பலமாக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், அல்லது நுரையோடு வந்தால், பம்ப்பும் அதற்கு முந்தைய லைனும் சந்தேகத்துக்குரியவை. ஆயில் கேஜ் கம்பியையும் உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் அளவு ஏறியிருந்தாலோ பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

இனி டீக்கடைக்கு வருவோம். ஓடும்போது தண்ணீர் சுற்றுகிறது, முன்னாலிருந்து காற்று அடிக்கிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோகும், ஆனால் இன்ஜினின் சூடு எங்கும் போகாது. பானெட்டுக்குள் வெப்பம் முதல் பத்து இருபது நிமிடம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அப்புறம்தான் இறங்கும். நீங்கள் சொல்லும் நேரக்கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது. எனவே இது வெப்பத்தால் வரும் கோளாறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வெப்பம் எதைப் பாதிக்கிறது என்பதில் மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன, மூன்றுமே அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் வகைதான். கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து வழிந்து இன்ஜினுக்குள் அளவுக்கு மீறி இறங்கலாம். பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்து, நாம் ஏர் லாக் என்று சொல்கிறோமே, அது நடக்கலாம். அல்லது பெட்ரோலுக்குச் சம்பந்தமே இல்லாமல், காயிலோ அதோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரோ சூட்டில் கைவிட்டு, ஆறியதும் திரும்ப வேலை செய்யலாம்.

இந்த மூன்றையும் பிரிக்க, வண்டி மறுக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு பட்டறையில் விட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், மெக்கானிக்கும் எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே வண்டியில் ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு பழைய நல்ல பிளக், ரப்பர் பிடி போட்ட இடுக்கி, ஒரு துணி, இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்ததும் ஏழெட்டு முறை செல்ஃப் அடிக்காமல், ஒரு முறை அடித்துவிட்டு இறங்கி பானெட்டைத் திறந்து முகருங்கள். பெட்ரோல் வாடை பலமாக இருந்தால், கீழே எங்கும் சொட்டவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரைத் தரைவரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தபடி ஐந்தாறு வினாடி செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோலைப் பீய்ச்சும். கரும்புகையோடு பற்றினால் ஓவர் ஃப்ளோ. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் அதிகமாக இருக்கிறது, அல்லது கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் வால்வ் சரியாக மூடவில்லை, அல்லது மட்டம் சரியாகவே இருந்தும் சூடு கொதிக்க வைக்கிறது.

பற்றவில்லை என்றால் கரண்டைப் பாருங்கள். ஒரு பிளக் ஒயரைக் கழற்றிப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் இன்ஜினில் நன்றாகத் தொடும்படி, கார்ப்ரேட்டருக்கு எட்டத்தில் வைத்து, இடுக்கியால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம். வாடை போகும்வரை காத்திருங்கள். நீலமாக, சடசடவென்று பொறி விழுந்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு விழுந்தாலோ விழவே இல்லையென்றாலோ கார்ப்ரேட்டரை மறந்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே காயிலின் கரண்டை வெட்டி வெட்டி விடும் பாயிண்ட் இருக்கிறதா, அதற்குப் பதில் எலக்ட்ரானிக் பிக்கப் இருக்கிறதா என்று தெரியும். பாயிண்ட் வண்டி என்றால் நான் முதலில் கண்டென்சரைச் சந்தேகிப்பேன். மலிவான பொருள், சூட்டில் கைவிடுவதில் பேர்போனது, அது போனால் பாயிண்ட்டும் சீக்கிரம் கருகும். பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. என்பது இந்த இன்ஜினுக்கான அளவு. புதுப் பிளக்கை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருந்தால் அதையும் ஒரு முறை அளந்து பார்க்கலாம்.

பொறி நன்றாக இருந்து, வாடையும் இல்லையென்றால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மூன்றே பிளக் உள்ள வண்டி, பெரிய வேலையில்லை, கை சுடாமல் துணி வைத்துக்கொள்ளுங்கள். நனைந்திருந்தால் ஓவர் ஃப்ளோ, காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. காய்ந்த நிலையில் ஃபியூயல் பம்ப் மேலும் குழாய் மேலும் ஈரத்துணி சுற்றி, இரண்டு நிமிடம் விட்டு அடித்துப் பாருங்கள். பற்றினால் ஏர் லாக். காயில் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கோளாறைத் தேடப் போய் இன்னொன்றை உண்டாக்கியவர் ஆவீர்கள். இத்தனையும் செய்ய நேரமில்லை என்றால், ஓட்டும்போது எப்போதாவது நின்றுபோனால் அது எப்படி நிற்கிறது என்பதை மட்டுமாவது கவனியுங்கள். திணறித் திணறி, இழுவை குறைந்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். சுவிட்ச்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட். இது நூற்றுக்கு நூறு சரியாக வரும் விதியல்ல, ஆனால் தேடலைப் பாதியாகக் குறைக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 20 சதவீத எத்தனால் கலவை 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி 2025-க்குள் நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். எம்.பி.எஃப்.ஐ. வண்டி ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்ப்ரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. உள்ளே பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் கொடுக்கும். ஆக உங்கள் வண்டி முன்பைவிடக் கொஞ்சம் லீனாக (தேவைக்குப் பெட்ரோல் குறைந்து, காற்று கூடி) ஓடுகிறது என்பது உறுதி. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கேட்கும் என்பதால் காலை ஸ்டார்ட்டிங் கொஞ்சம் கடினமாவதும் இயல்பு. 1998-ல் இந்தக் கலவையை நினைத்து யாரும் ரப்பர் வார்க்கவில்லை என்பதால் ஹோஸ், டயாஃப்ரம், வாஷர் இவையெல்லாம் ஊதியோ வெடித்தோ போவதும் எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் டீக்கடைக் கோளாறுக்கு எத்தனால்தான் காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எத்தனால் வருவதற்கு முன்பும் சித்திரை வெயிலில் கார்ப்ரேட்டர் வண்டிகள் இதே மாதிரி நின்றிருக்கின்றன. லீனாக ஓடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: புகைச் சான்றிதழுக்காகவோ எஃப்.சி.க்காகவோ யாராவது மிக்சர் ஸ்க்ரூவை இறுக்கி வைத்துவிட்டு, திரும்பச் சரிசெய்யாமல் விட்டிருப்பார்கள். அது அரை நிமிட வேலை, ட்யூனிங் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இப்போது அந்த இரண்டு ஆலோசனைகள். எலக்ட்ரிக் பம்ப் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கார்ப்ரேட்டரின் நீடில் வால்வ் தாங்குவது 3, 4 பி.எஸ்.ஐ. அழுத்தம்தான். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளின் பம்ப் 40 பி.எஸ்.ஐ.யைத் தொடும், அதைத் தெரியாமல் மாட்டினால் பெட்ரோல் இன்ஜின் மேலேயே கொட்டும். குறைந்த அழுத்தப் பம்ப்பே மாட்டினாலும், விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் சாவி ஆனில் இருக்கும்வரை அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆயில் பிரஷர் போனதும் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் சேர்த்து ஒயரிங் செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் புது மெக்கானிக்கல் பம்ப்பே போதும். ஏர் லாக் என்று உறுதியான பிறகுதான் அதுவும்.

கார்ப்ரேட்டரை மாற்றுவதில் எனக்கு இன்னும் தயக்கம். கடையில் 'புதுசு' என்று கிடைப்பவற்றில் பல போலி. ஜெட் அளவே சரியாக இருக்காது, மாட்டிய நாளிலிருந்து மைலேஜும் போகும், ஸ்லோவும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிற்காது. உங்களுடையது வண்டியோடு வந்த அசல் என்றால் அதைக் கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, காற்று பிடித்து, ரிப்பேர் கிட்டில் வரும் கேஸ்கெட், நீடில் வால்வ், டயாஃப்ரம் எல்லாவற்றையும் போட்டு, மிதவை மட்டத்தைச் சரியாக வைத்து மாட்டச் சொல்லுங்கள். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள், துளை பெரிதானால் பிறகு எவராலும் ட்யூன் செய்ய முடியாது. கார்ப்ரேட்டரில் கட்-ஆஃப் சோலினாய்டு (சாவியை அணைத்ததும் பெட்ரோலை நிறுத்தும் மின் வால்வ்) உள்ள மாடல் என்றால் சாவியை ஆன் செய்ததும் அதில் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஸ்டார்ட் ஆனாலும் ஸ்லோவில் நிற்காது. மாற்றியே தீர வேண்டிய நிலை ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் த்ராட்டில் ஸ்பிண்டிலை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் அது உட்காரும் துளை தேய்ந்துவிட்டது, அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், எந்த ரிப்பேர் கிட்டாலும் அது சரியாகாது. அப்போதும் கடைப் புதுசைவிட, நல்ல நிலையில் உள்ள பழைய அசல் கார்ப்ரேட்டர் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் ஸ்பிண்டிலை ஆட்டிப் பார்த்து வாங்கிக் கிட் போடுவதையே நான் செய்வேன்.